பேர் வைக்கும் வரிசை

அவள் வரிசையில் நின்றாள். கையில் குழந்தை இல்லை.

முன்னாலும் பின்னாலும் நின்ற பெண்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் தட்டுகிற கை ஒரு கணம் நின்றது. நகர்ந்து இடம் விட்டார்கள்.

முச்சந்தியில் எதிர்க்கட்சித் தலைவரின் வேன். மேல்மூடியைத் திறந்து இடுப்புவரை வெளியே நின்றிருந்தார். ஊர் ஊராக ஓட்டுக் கேட்டுத் தொண்டை கட்டியிருந்தது. கழுத்தில் விழும் துண்டுகளை எடுத்து எடுத்துப் பின்னால் கொடுத்தார்.

வேன் படியில் மைக்கைப் பிடித்து நின்றவன் கொம்பையா. கட்சியின் கிளைச் செயலாளன். அவளுடைய புருஷன்.

தலைவர் குனிந்து ஒரு பிள்ளையை வாங்குவார். அதன் காதோரம் ஒரு பேர் சொல்வார். கொம்பையா அதை மைக்கில் மூன்று தரம் கூவுவான். கூட்டம் கைதட்டும். பிள்ளை பயந்து அழும். அடுத்த பிள்ளை.

அவனும் இதற்குத்தான் காத்திருந்தான்.

கட்சிக்காரன் வீட்டுப் பிள்ளைக்குத் தலைவர் வாயால்தான் பேர். பிறந்த அன்றே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். அதுவரை யாரும் எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவளும் கூப்பிடவில்லை. பாப்பா என்றுதான் சொன்னாள்.

தலைவர் தையில் வருவதாக இருந்தது. கூட்டத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. மாசியில் வருவதாக இருந்தது. மேடை போட்ட பிறகு அனுமதி ரத்தானது. எதிர்க்கட்சி என்றால் இப்படித்தான் என்று கொம்பையா பெருமையாகச் சொன்னான்.

டீக்கடையில் ஆளுங்கட்சிக்காரர்கள் சும்மா விடவில்லை.

“ஏல கொம்பையா, ஒங்க தலைவரு வந்து சேருததுக்குள்ள புள்ள சடங்காயிரும்ல.”

அவனும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். மடியில் கிடந்த பாப்பாவும் எதற்கோ சிரித்தது.

பங்குனியில் காய்ச்சல் வந்தது.

ஆஸ்பத்திரியில் பேர் கேட்டார்கள். இன்னும் வைக்கவில்லை என்றாள். பேச்சித்தாய் குழந்தை என்று எழுதிக்கொண்டார்கள். கடைசியில் துணி சுற்றிக் கொடுத்தபோதும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவளுடைய பேரைத்தான் கூப்பிட்டார்கள்.

தெருப் பெண்கள் கூடி அழ வந்தார்கள். பேர் சொல்லித்தான் அழ வேண்டும். என்ன சொல்லி அழுவது என்று அவள் முகத்தைப் பார்த்தார்கள். பாப்பா, பாப்பா என்றாள் அவள். தெருவில் எல்லாப் பிள்ளையும் பாப்பாதான்.

அழுகை அப்படியே தொண்டையில் நின்றது. இன்றுவரை இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

இப்போது பின்னால் ஒரு பிள்ளை பசித்து வீறிட்டது. அவள் முந்தானையை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டாள். ரவிக்கை நனைந்துவிட்டது.

கொம்பையா அவளைப் பார்த்துவிட்டான்.

கூவிக்கொண்டிருந்த பேர் பாதியில் பிசிறியது. வீட்டுக்குப் போ என்று கண்ணாலேயே கெஞ்சினான். அவள் அசையவில்லை.

வரிசை நகர்ந்தது. அவளுடைய முறை வந்தது.

தலைவர் வழக்கம்போலக் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார். கைகள் வெறுமனே நின்றன.

“புள்ள எங்கம்மா?”

“வீட்ல உறங்குதுண்ணே.”

யாரோ ஒரு கிழவர் வாயெடுத்தார். பக்கத்தில் நின்றவர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். டீக்கடையில் கேலி பேசிய ஆளுங்கட்சிக்காரர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தலைவர் பையனா பொண்ணா என்று கேட்டார். பொண்ணு என்றாள்.

பேரைச் சொல்லப் பிள்ளையின் காது இல்லை. அதனால் அவளிடமே சொன்னார்.

“எழிலரசி. நல்லா படிக்க வைம்மா. ஆட்சிக்கு வந்ததும் இந்தப் பக்கம் வருவேன். அப்ப தூக்கிட்டு வந்து காட்டணும்.”

சரிண்ணே என்றாள்.

அவர் நிமிர்ந்து கொம்பையாவிடம் பேரைச் சொன்னார். அது யாருடைய பிள்ளை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கொம்பையா மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

சத்தம் வரவில்லை. ஒலிபெருக்கிக் குழாய்களில் மூச்சு மட்டும் இரைந்தது.

கூட்டத்தின் கடைசியில் நின்றவர்கள் மைக் போய்விட்டதா என்று கேட்டார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் தலையை நிமிர்த்திப் புருஷனைப் பார்த்தாள். கண்மாய்க் கரையில் பிள்ளைக்கு மண் போட்டுவிட்டு வந்த பிறகு அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தாள். சொல்லும்வரை கண்ணை எடுக்க மாட்டாள் போலிருந்தது.

அவன் கூவவில்லை. மூன்று தரமும் சொல்லவில்லை.

“எழிலு” என்றான். “ஏ எழிலு.”

இருட்டுகிற நேரத்தில், விளையாடப் போன பிள்ளையை வாசலில் நின்று கூப்பிடுவார்களே, அப்படி.

குழாய்கள் அதை வாங்கித் தெருவெல்லாம் சொல்லின. கூரைகளுக்கு மேலே சொல்லின.

யாரும் கைதட்டவில்லை.

தலைவர் ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். அடுத்த ஊரில் காத்திருக்கிறார்கள் என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது. கொம்பையா படியிலிருந்து இறங்கி, மைக்கைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டான். ஒயர் இழுபட்டு அறுந்தது.

அவள் கண்மாய்க் கரையைப் பார்த்து நடந்தாள். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் நடந்தார்கள்.

வேன் சத்தம் தேய்ந்து மறைகிறவரை பொறுத்திருந்தாள்.

பிறகு வாயைத் திறந்தாள்.