பற்றவைத்த டப்பா

பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் வரிவரியாகப் போட்டிருக்கிறது. அந்த வரிகளுக்குள் குந்தியிருக்கும் வெல்டர், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கட்டிங் மெஷினின் ஒயரைப் பிரிக்கிறான். பட்டறை மூடி இரண்டு மாதம் ஆகிறது. எதிரே இரும்பு டப்பா. மளிகையிலும் பஸ் கட்டணத்திலும் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்குள் கிடக்கிறது. நடுவில் கை வைத்துவிடக் கூடாதென்று மூடியைச் சுற்றிப் பற்றவைத்தவன் அவனேதான். காசு போட ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கிறான். மனைவி அதில் கொண்டை ஊசியை விட்டு நெம்புகிறாள். ஒரு நோட்டின் ஓரம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே விழுகிறது. "திறக்க ஒரு வழி வெச்சிருக்கக் கூடாதா?" என்கிறாள். "திறக்க வழி வெச்சா அது சேமிப்பா?" அன்று பெருமையாகச் சொன்னதை இன்று முணுமுணுக்கிறான். வாசலில் கரண்ட் ஆபீஸ்காரர் சுவரில் ஏணியைச் சாய்க்கிறார். "அண்ணே, அஞ்சே நிமிஷம். பில்லு பணம் இதோ, இந்த டப்பாவுலதான் இருக்கு," என்று மனைவி ஓடுகிறாள். "போன வாரமும் இதே அஞ்சு நிமிஷம்தாம்மா. எனக்கு இன்னும் எட்டு வீடு இருக்கு." உள்ளே மெஷின் அலறுகிறது. பொறி பறக்கிறது. மூடியோரம் ஒரு விரல் நீளத்துக்குப் பிளக்கிறது, உள்ளே நாணயம் ஒன்று மினுங்குகிறது. சட்டென்று அலறல் இறங்குகிறது. அவன் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துகிறான். தலைக்கு மேல் மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நிற்க, வெளியே ஏணி மடங்கும் சத்தம் கேட்கிறது.