மடிக்கு ஆசைப்பட்ட செவலை

கருப்பி, செவலை என்று இரண்டு கோழிகள் ஒரே வீட்டில் வளர்ந்தன. கருப்பிக்குக் காலில் பூச்சி பிடித்து, செதிலெல்லாம் தூக்கிக்கொண்டு, கால் மரப்பட்டை மாதிரி ஆகிவிட்டது. வளர்க்கிற பூவாத்தாள் சாயங்காலமானால் அதை மடியில் போட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, வேப்பெண்ணெய் தடவுவாள். "பொறுத்துக்கோடி என் தங்கம்" என்று கொஞ்சல் வேறு. செவலைக்கும் ஒட்டிவிடக் கூடாதென்று கருப்பியைத் தனியாகப் பஞ்சாரக் கூடை போட்டுக் கவிழ்த்தும் வைத்தாள்.

செவலைக்குப் பொறுக்கவில்லை. "முட்டை போடுறது நானு. மடியும் தனி வீடும் அவளுக்கா?"

இருட்டத் தொடங்கியதும் பஞ்சாரத்தின் கிழிசல் வழியாக உள்ளே நுழைந்து, கருப்பியின் காலோடு கால் உரசப் படுத்துக்கொண்டது.

"தள்ளிப் படுடி, இது ஒட்டுற நோவு."

"ஒட்டட்டும். நீ மட்டுந்தான் குடுத்து வச்சவளா?"

தினமும் இப்படியே நடந்தது. கருப்பிக்குக் கால் தேறிவர, செவலைக்குச் செதில் தூக்கியது.

ஒருவழியாகப் பூவாத்தாள் செவலையை மடியில் போட்டாள். பிரஷ் பட்டதும் உயிர் போய் உயிர் வந்தது. கொஞ்சியது ஒன்றும் காதில் ஏறவில்லை. எதிரே குப்பைமேட்டில் கருப்பி இரண்டு காலாலும் சீய்த்து, கொழுத்த புழு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தது.

"அவளுக்கு மட்டும் கால் எப்படி வாய்ச்சிருக்கு பாரு" என்று செவலை கேறியது.

வலியில் கத்துகிறது என்று நினைத்து, பூவாத்தாள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்தாள்.