வெங்காயக் கூடை

"இந்த பிஸ்கட் பேரனுக்கு வாங்கினது. சர்க்கரை ஏறிக் கெடக்குற மனுஷன் இந்த டப்பா பக்கமே போகக் கூடாது. போனா எனக்குக் கெட்ட கோபம் வரும், ஆமா!"

மனைவி சொன்னால் சொன்னதுதான். ரிடையரான டிக்கெட் பரிசோதகர், கட்டின பெண்டாட்டியா, ஜெயில் வார்டனா என்று மனசுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஆனால் சும்மா இருப்பாரா? ரயில் கழிவறைக்குள் ஒளிந்தவனையே மோப்பம் பிடித்து இழுத்து வந்தவர். பிஸ்கட் டப்பா எம்மாத்திரம்!

முதலில் அது பரண் மேல், பழைய பால்பவுடர் டின்னில் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, முட்டி கடகடக்க, ஒன்றை எடுத்துவிட்டார். கொஞ்ச நாளில் டின் காலி. தேடியதில், நடு அலமாரியில் 'உப்பு' என்று எழுதிய டப்பாவில் அகப்பட்டது. பிறகு அங்கேயும் இல்லை. கடைசியில் பார்த்தால், தரையோரம் இருந்த வெங்காயக் கூடைக்குள் ஒரு சின்ன டப்பா!

'பாவம், வயசாகுது இவளுக்கு. ஒளிச்சு வைக்கக்கூடத் தெரியலை' என்று மனைவிக்காக வருத்தப்பட்டார்.

ஒரு நாளைக்கு ஒன்றுதான் எடுப்பார். ஆசைப்பட்டு இரண்டு எடுத்தவன்தான் மாட்டுவான் என்பது அவருடைய சர்வீஸ் அனுபவம்.

"என்னங்க, பிஸ்கட் குறையுற மாதிரி இருக்கே?"

"எலியா இருக்கும்."

சொன்னதோடு விடவில்லை. கடைக்குப் போய் ஓர் எலிப்பொறியும் வாங்கி வந்து கொடுத்தார். திருடனே போலீஸுக்கு போன் போட்ட கதைதான்.

மறுநாள் மகள் வந்திருந்தாள். மதியம் வீடே தூங்குகிறது என்று நம்பிப் பூனை நடை நடந்தவர், சமையலறைக் கதவோரம் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே பேச்சுக்குரல்.

"ஏம்மா, போயும் போயும் வெங்காயக் கூடையிலயா பிஸ்கட்டை வெப்பே? அப்பா கண்ணுல பட்டுடுமே!"

"படட்டும்னுதான்டி வெச்சிருக்கேன். பரண்ல வெச்சா ஸ்டூல் போட்டு ஏறுறாரு. அந்த முட்டியோட விழுந்து வெச்சார்னா என்னடி பண்றது? அதான் ஒவ்வொரு தட்டா கீழ இறக்கிட்டேன்."

"அதுக்கு நீயே கையில குடுத்துடலாமே?"

"குடுத்தா நாலு கேப்பாரு. திருடினாத்தான் ஒண்ணோட நிறுத்துறாரு. ஒண்ணுன்னா பரவாயில்லைன்னு டாக்டரும் சொல்லிட்டாரு."

பரிசோதகருக்குக் காது சூடாகிவிட்டது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அசடு வழிய நின்றார்.

"சரி, அப்பா வாங்கின எலிப்பொறியை எங்க வைக்கட்டும்மா? கூடைகிட்டயா?"

"ஐயையோ, அங்க வேணாம்டி! உங்கப்பா விரல் மாட்டிக்கும்."