வாரியத்தின் முழங்கால்

"எனக்கு முழங்கால்ல அடின்னு யார் சார் சொன்னது?"

கிரிக்கெட் வாரியச் செயலாளரின் அறைக்கதவு சுவரில் மோதித் திரும்பியது. பயிற்சி உடையோடு, கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள் பெண்கள் அணியின் விக்கெட் கீப்பர். செயலாளருக்கு எதிரே அணியின் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல உட்காரும்மா. காலையிலேர்ந்து உனக்குத்தான் போன் போட்டுக்கிட்டிருக்கோம். டீமை இன்னிக்கே அறிவிச்சாகணும், அதனாலதான்..." என்று இழுத்தார் செயலாளர்.

"பிராக்டீஸ்ல இருக்கிறவ போனை எங்க சார் பார்ப்பா? 'முழங்கால் காயம், உலகக் கோப்பை அணியிலிருந்து நீக்கம்'னு டிவியில ஓடுது. எனக்கே தெரியாம எனக்கு அடிபட்டிருக்கு!"

செயலாளர் டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொன்ன வாயாயிற்றே, துணை தேடாதா!

"போன வருஷம் கேப்டனுக்கும் இதே முழங்கால்தான். அதுக்கு முந்தி அந்த ஸ்பின்னர் அக்காவுக்கும் முழங்கால். வாரியத்துல மொத்தமே ஒரு முழங்கால்தான் வாங்கி வெச்சிருக்கீங்களா? யாரைத் தூக்கணுமோ அவங்களுக்கு எடுத்து மாட்டிவிட்டுடுறீங்க! இப்ப என் இடத்துக்கு யாரு? தலைவரோட மச்சினி பொண்ணா?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா."

"ஆம்பளைங்க டீம் கழிச்சுப்போட்ட ஜெர்சியைப் பிடிச்சுத் தைச்சு மாட்டிக்கிட்டு ஆடினேன் சார். ராத்திரி பூரா பஸ்ஸுல தூங்கி, இறங்கின கையோட ஆடினேன். எல்லாம் இந்த ஒரு உலகக் கோப்பைக்காக. வயிறு எரியுது சார்!"

சொல்லிக்கொண்டே மேஜைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். "நல்லாப் பாருங்க! முழங்கால் போனவ பண்ற வேலையா இது?" மூச்சு இரைத்தது, அவள் நிறுத்துவதாக இல்லை.

"ஐயோ, போதும்! நிறுத்தும்மா!" டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார்.

"ஏன் டாக்டர், குட்டு வெளியில வந்துடும்னு பயமா? உங்களையாவது நல்லவங்கன்னு நினைச்சேனே. நீங்களும் இதுக்குக் கூட்டா? இப்பவே சொல்லுங்க, என் முழங்காலுக்கு என்ன?"

டாக்டர் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். பிடித்த கையை விடவில்லை.

"முழங்காலுக்கு ஒண்ணுமே இல்ல கண்ணு. டீமுக்கு எடுத்த ஸ்கேன்ல உன் ஹார்ட்டுலதான் கோளாறு. இனிமே நீ விளையாடவே கூடாது. அதை நீ டிவி பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாதேன்னு நான்தான் முழங்கால்னு போடச் சொன்னேன்."