ரோமிலிருந்து வந்த ஐந்து எழுத்து

நார்வே மொழிப் புத்தகமொன்றில் ஆர்வத்தைக் குறிக்கும் ‘இன்டரெஸ்ஸே’ என்ற சொல்லுக்கு வரிக் கடைசியில் இடம் போதவில்லை. அதைப் பிரித்துக் கீழ்வரிக்கு இறக்கச் சிறுகோடு வந்தது.

“எனக்குப் பின்னால் பிரி,” என்றது, பின்பாதியான எஸ்ஸேக்கு முன்னால் நின்ற இன்டர். “ரோமிலிருந்து i-n-t-e-r என்று ஐந்து எழுத்தோடு வந்தவன் நான். இன்றுவரை ஒன்றும் குறையவில்லை.”

“அதெல்லாம் தெரியாதுங்க. இந்த ஊர்க்காரங்க வாய் எங்கே பிரிக்குதோ, அங்கேதான் நான் நிற்பேன்,” என்றது சிறுகோடு.

புத்தகத்தை வைத்திருந்த மீன்காரி ஸோல்வி நிதானமாக வாசித்தாள். “இன்... டெ... ரெஸ்... ஸே.”

சிறுகோடு ‘டெ’ பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. இன்டர் பதறிக் குனிந்து பார்த்தது. அதன் கடைசி எழுத்தான ‘ர்’ கீழ்வரியில் எஸ்ஸேயின் கையைப் பிடித்து நின்றது. எத்தனை வாய்கள் எவ்வளவு மெதுவாக நகர்த்தினவோ, வெட்டின தடமே இல்லை. இன்டர் மலைத்துப்போயிற்று.

“எப்போது போனாய்?”

“பல நூறு வருஷமாச்சு. நீங்கதான் பின்னால் திரும்பிப் பார்த்ததே இல்லையே.”