இறங்காத கோடு

எங்கள் இருவர் கையிலும் ஒட்டிய பட்டை இரவும் பகலும் ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளும். காலையில் அது சமையலறைச் சுவர்த்திரையில் கோடாகத் தெரியும். தூங்கும்போது எல்லோருக்கும் கோடு இறங்குமாம். என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கு மட்டும் இறங்கவே இல்லை.

“ராத்திரியில என்னதான் பண்றீங்க ஐயா?” என்று திரையில் கேட்டார் டாக்டர் நஸ்ரின்.

வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சொன்னார். “இவளுக்கு இதயம் பலவீனம்னு எட்டு வருஷம் முன்னாடி சொன்னீங்கல்ல? மூக்குகிட்ட விரல வச்சு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன்.”

எட்டு வருஷமாக! எனக்குத் தெரியவே தெரியாது. “பைத்தியமா உங்களுக்கு?” என்று கத்திவிட்டேன்.

டாக்டர் என் இதயத்துடிப்பை வீட்டுக்காரரின் தலையணைக்குள் கேட்கும்படி செய்தார். துடிப்பு பிசகினால் தலையணையே எழுப்பிவிடும். அன்றைக்கே மனுஷன் கட்டை மாதிரி தூங்கினார். ஒரே வாரத்தில் கோடு அழகாக இறங்கியது, ஒரு மாத்திரையும் குறைந்தது.

பத்தாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “எஸ்தரம்மா, இப்ப உங்க கோடு இறங்க மாட்டேங்குதே. ராத்திரியில என்ன பண்றீங்க?”

நான் விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

“இந்த மனுஷன் இப்படி அசையாம தூங்கி நான் பாத்ததே இல்லையே டாக்டர்.”