முகம் தெரிந்தால் போதும்

"இன்னா தம்பி இது, பொண்ணு போட்டோவா, பனி மூட்டமா?"

ராஜாமணி தன் போனை கவுன்ட்டர் மேல் வைத்தாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 'அண்ணா டிஜிட்டல்' நடத்தும் அண்ணாதுரை குனிந்து பார்த்தார்.

ஒரு பெண் ஸ்கூட்டி பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். அப்படி நம்பலாம். முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. படிக்கும்படி இருந்தது மூலையில் போட்டிருந்த கடைப் பெயர் ஒன்றுதான். அதைப் படித்துவிட்டுத்தான் ராஜாமணி பிள்ளைப்பாக்கத்திலிருந்து புருஷனையும் கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள்.

தரகர் அனுப்பிய படம். பெண் குன்றத்தூர், பெயர் கலைமதி, ஒரகடத்தில் கம்பெனி வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. பொருந்தாதது ராஜாமணியின் கணவர் எல்லப்பன்தான். படம் மங்கலாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவர் கட்சி. இன்றைக்குள் தெளிவான படம் வராவிட்டால், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிடப் போகிறாராம். வாசலில் டிவிஎஸ் வண்டியை விட்டு இறங்காமல் அதே முடிவோடு உட்கார்ந்திருந்தார்.

"பையன் இன்னா சொல்றாரு?" என்றார் அண்ணாதுரை.

"பரசுராமனா? அவன் தங்கம், தம்பி. போட்டோவ நிமிந்துகூடப் பாக்கல. நீங்க பாத்தா போதும்மான்னுட்டான். அவனுக்கும் ஒரகடத்துலதான் வேல. ஷிப்டு, ஓவர்டைம், தூக்கம், வேற ஒண்ணும் தெரியாது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதுவும் எங்க வூட்டுக்காரருக்கு லவ்வுன்னாலே ஆவாது. கூடப் பொறந்த தம்பி லவ் பண்ணிக் கட்டிக்கினாருன்னு இன்னிக்கு வரைக்கும் அவர் வூட்டு வாசப்படிய மிதிக்கல."

அண்ணாதுரைக்கு அந்தக் குடும்பத்தின் மானத்தைவிடத் தன் கடையின் மானம் பெரிதாகப்பட்டது. இது தன் தப்பில்லை என்று ஆரம்பித்தார்.

படத்தைக் கொண்டுவந்த பையனிடம் அவர் படித்துப் படித்துச் சொன்னாராம். படத்தைச் சேமிக்க இரண்டு வழி. பிஎன்ஜி என்பது எழுத்துக்கும் லோகோவுக்கும். ஒரு புள்ளியைக்கூட விடாது. ஆனால் அனுப்பினால் வாங்குகிறவன் போன் மூச்சுத் திணறும். ஜேபிஜி என்பது மனித முகத்துக்கு. கண்ணுக்குத் தேவையில்லாததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பைலைச் சுருக்கிக் கொடுக்கும். தரத்தைத் தொண்ணூறு பெர்சென்ட்டுக்கு மேல் வைத்தால் பைல்தான் பருக்கும், முகம் மாறாது. முப்பதுக்குக் கீழே இறக்கினால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. நடுவில் எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவன்தான் தொழில்காரன்.

"இவ்ளோ சொல்றேன், அந்தப் பையன் 'இன்னும் கொறைங்க சார், இன்னும் கொறைங்க'ன்னு நிக்கிறான். கடைசில பத்து பெர்சென்ட்ல வந்து நின்னுது. அப்பதான் அவன் மூஞ்சில ஒரு நிம்மதி. படம் நல்லா இல்லன்னு சண்டைக்கு வந்தவங்கள பாத்திருக்கேன். நல்லா இருக்குன்னு வருத்தப்பட்டவன் அவன் ஒருத்தன்தான்."

"யாரு அது?"

"பொண்ணோட அண்ணனா இருக்கும். அவ்ளோ அக்கறையா இருந்தான்."

அண்ணாதுரை தன் நிரபராதித்துவத்தை நிரூபிக்க, கம்ப்யூட்டரில் அசல் படத்தைத் திறந்தார்.

திரை நிறைய கலைமதி சிரித்தாள். எதிரே நிற்பவரைப் பார்த்து அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. ஸ்டுடியோவில் 'ஸ்மைல் ப்ளீஸ்' சொல்லி வாங்கக்கூடியது அல்ல.

ராஜாமணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மகாலட்சுமியாட்டம் கீது. இத போயி மறச்சானே அந்தப் புள்ள."

பாராட்டு படத்துக்குத்தான் என்று எடுத்துக்கொண்ட அண்ணாதுரை, பெரிதாக்கிக் காட்டத் தொடங்கினார். கண் இமை தனித்தனியாகத் தெரிந்தது. மூக்குத்திக் கல்லில் வெயில் தெரிந்தது. அங்கிருந்து ஸ்கூட்டிக்குப் போனார்.

"இத பாருங்கக்கா, வண்டிக் கண்ணாடில போட்டோ எடுக்கறவரே தெரியறாரு."

ராஜாமணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

வண்டிக் கண்ணாடிக்குள் கம்பெனி யூனிபாரத்தில் ஓர் இளைஞன், போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். ஒரு கண்ணை மூடி, நாக்கு நுனியைப் பல்லில் கடித்திருந்தான். ராஜாமணிக்குத் தெரியாத நாக்கா அது? அ, ஆ எழுதப் பழகிய நாளிலிருந்து, எதைக் கவனமாகச் செய்தாலும் பரசுராமன் அப்படித்தான் கடித்துக்கொள்வான்.

"இவருதாங்க வந்தது. பொண்ணோட அண்ணன்," என்றார் அண்ணாதுரை.

 போட்டோவை நிமிர்ந்துகூடப் பார்க்காத தங்கத்தை ராஜாமணி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கலைமதியின் சிரிப்பை மறுபடி ஒரு தடவை பார்த்தாள்.

வாசலில் ஹாரன் அடித்தது.

"கெடச்சுதாடி?" எல்லப்பன் வண்டியில் இருந்தபடியே குரல் கொடுத்தார். "நல்லா பெருசா வாங்கினு வா. புது போன்ல இழுத்து இழுத்து மூலை முடுக்கெல்லாம் பாக்கணும்."

கடைசியில் தரம் தெரிந்த ஒரு கஸ்டமர். அண்ணாதுரைக்கு உடம்பு சிலிர்த்தது. "பிஎன்ஜியிலயே போட்டுத் தரேங்க, ஒரு புள்ளி விடாது!" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு மவுஸை நகர்த்தினார்.

அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள் ராஜாமணி.

"தம்பி, பொண்ணு முகம் நல்லா தெரியணும். மூக்குத்தி தெரிஞ்சாலும் பரவால்ல. அந்த வண்டிக் கண்ணாடிக்குள்ள மட்டும் ஒண்ணும் தெரியக் கூடாது. உன் கணக்குல அதுக்கு எத்தன பெர்சென்ட்டு?"